உலையும் விலையும்
(இல்லிருந்து செய்யும் பங்கு வாணிகமும் இல்லறமும் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

காவிரி கடலிற் புகும் இடத்தில் அமைந்த பட்டினத்தைப் பண்டைத் தமிழர் புகார் என வழங்கினர். களனி கங்கை கடலொடு கலக்கும் இடமாதலின் நம்மூரும் முகத்துவாரம் எனப் பெயர் பெற்றது. பெயரளவில் மட்டுமன்றித் தொழிலளவிலும் இவ்விரண்டு ஊர்களுக்கும் ஒருவகை உறவுண்டு. அங்கே மரக்கலங்கள் வந்தடைந்தன. இங்கே அருகிலேயே பெருந்துறைமுகம் இருக்கின்றது. அங்கே பரதவர் வலை உணக்கினர். இங்கும் மீன்பிடித் தொழில் நிகழ்கின்றது. அங்கே வாணிகர் வீதிகள் இருந்தன. இங்கே செட்டியார் தெருவும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களும் கூப்பிடு தொலைவில் உள்ளன.

இத்தொழில்களுக்கெல்லாம் ஒரு பொதுவியல்பு உண்டு. தொழில் செய்யும் இடம் வேறு. குடியிருக்கும் இடம் வேறு. கடைக்காரர் கதவைச் சாத்திப் பூட்டினால் அன்றைய வாணிகம் முடிந்தது. துறைமுகத் தொழிலாளி சங்கு ஊதியதும் வீடு திரும்பினார். கடன்காரரும் கொள்வோரும் வீட்டு வாயில்வரை வந்தாலும் அடுக்களைக்குள் வந்தாரில்லை.

இற்றைநாளிலோ அடுக்களைக்குள்ளேயே வந்து நிற்கும் ஒரு வாணிகம் தோன்றியுள்ளது. அது கைப்பேசித் திரையில் நிகழ்வது. முதலாளியும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. செய்பவரே தமக்குத் தலைவர். பங்குகளைக் காலையில் வாங்கி அன்றே விற்று, இடைப்பட்ட விலை வேற்றுமையை ஊதியமாகக் கொள்ளும் நாள்வாணிகமே அது. நம் பழைய மாணவருள்ளும், உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் இளைஞருள்ளும் இதனை நாடுவோர் உளர். வீட்டிலிருந்தே உழைக்கலாம், நேரத்துக்குச் சமைத்து உண்ணலாம், பிள்ளைகளைக் கவனிக்கலாம் என்பன இதற்குக் கூறப்படும் நயங்கள். இக்கூற்று எவ்வளவுக்கு உண்மை, உண்மையாக வேண்டின் என்ன செய்தல் வேண்டும் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கு வாணிகத்தின் வரலாறு

ஒரு கம்பனியின் முதலைப் பல சமகூறுகளாக்கிய வழி, அக்கூறு ஒவ்வொன்றும் பங்கு எனப்படும். பங்குடையவர் அக்கம்பனியின் உடைமையில் ஒரு சிறு பகுதிக்கு உரியவராவார். கம்பனி ஈட்டும் இலாபத்திற் பங்கிலாபம் பெறுதல் ஒரு பயன். பங்கின் விலை உயர்ந்தவிடத்து அதனை விற்று ஊதியம் பெறுதல் மற்றொரு பயன்.

நம் நாட்டிலே இவ்வாணிகம் தோட்டப் பயிர்ச்செய்கையை அடியொற்றி வளர்ந்தது. 1869 இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அப்பயிரைப் படிப்படியாக அழித்தது. 1884 இல் ஓரியன்றல் வங்கி முறிந்தது. பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது அவற்றுக்கு வேண்டிய முதலைத் திரட்டும் தேவை எழுந்தது. 1896 இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தின் கீழ்ப் பங்கு வாணிகம் தொடங்கிற்று. 1985 இல் இன்றைய பங்குச் சந்தை நிறுவப்பட்டது. 1997 இல் கணினி வழி வாணிகம் வந்தது. 2020 இன் பின்னர்க் கணக்குத் தொடங்குவதும் கைப்பேசி வழியே இயலுவதாயிற்று. கோட்டையிலுள்ள உலக வர்த்தக மையத்துக்குச் செல்லாமலே, முகத்துவாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பங்கு வாங்குதல் இன்று கூடும்.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. பங்குச் சந்தை தோன்றியது தோட்டம் வளர்க்கவும் தொழில் பெருக்கவும் வேண்டிய நீண்டகால முதலைத் திரட்டுதற்பொருட்டேயாம். ஒருவர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை நல்ல கம்பனியொன்றின் பங்கில் இட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் முதலீடாகும். காலையில் வாங்கி மாலைக்குள் விற்க முனைதலோ வேறொரு தொழில். முன்னையது தென்னை நடுவதை ஒக்கும். பின்னையது அலையடிக்கும் கடலில் வலைவீசுவதை ஒக்கும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலே பலர் இடர்ப்படுதற்கு முதற் காரணம்.

ஒரு வீட்டுக் கணக்கு

மாணவர்கள் கைக்கணக்காகவே செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கினை இங்கே தருவோம். நம் நாட்டிற் பங்கு வாங்குவோரிடத்தும் விற்போரிடத்தும் தனித்தனியே நூற்றுக்கு 0.3 வீதம் பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி அறவிடப்படுகின்றது. ஒருவரிடம் 1,00,000 ரூபா முதல் இருக்கின்றது எனக் கொள்வோம். அவர் அத்தொகை முழுவதற்கும் ஒரு பங்கை வாங்கி அன்றே ஏறத்தாழ அதே விலைக்கு விற்கின்றார். வாங்கும்போது வரி 300 ரூபா; விற்கும்போது வரி 300 ரூபா; ஆக 600 ரூபா. மாதத்தில் 20 நாள் இவ்வாறு செய்தால் 12,000 ரூபா. ஆண்டுக்கு 240 நாள் செய்தால் 1,44,000 ரூபா.

முதல் ஓர் இலட்சம். அவர் கட்டிய வரியோ ஒன்றரை இலட்சத்தை அணுகுகின்றது! தரகுக் கூலி முதலிய செலவுகளை நாம் இங்கே சேர்க்கவேயில்லை. இச்செலவுகளை ஈடுசெய்த பின்னரே முதல் ரூபா ஊதியம் கையில் வரும். ஆகவே, விலை ஏறுமா இறங்குமா என்பதனைச் சரியாக மதிப்பிடுதல் மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் செலவை விஞ்சும் அளவுக்குச் சரியாக மதிப்பிடல் வேண்டும். எத்தனை முறை வாங்கி விற்றோம் என்பது உழைப்பின் அளவன்று, செலவின் அளவேயாம்.

பிறநாட்டு அனுபவமும் இதனையே காட்டுகின்றது. இந்தியாவிற் பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் ‘செபி’ என்னும் சபை 2024 யூலையில் ஓர் ஆய்வினை வெளியிட்டது. 2022–23 ஆம் நிதியாண்டில் ஒரே நாளில் வாங்கி விற்ற தனியாள்களுள் 10 பேரில் 7 பேர் நட்டமடைந்தனர் என்றும், ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வாணிகம் செய்தோருள் 10 பேரில் 8 பேர் நட்டமடைந்தனர் என்றும் அவ்வாய்வு கூறிற்று. தைவான் நாட்டிலே 1992 முதல் 2006 வரையான வாணிகத்தை ஆராய்ந்த அறிஞர்கள், செலவு நீங்கலாக இடையறாது ஊதியம் பெறவல்ல நாள்வாணிகர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவினர் எனக் கண்டனர்.

திருக்குறளிலே தெரிந்து செயல்வகை என்னும் 47 ஆம் அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலையே இழத்தற்கு ஏதுவாகும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்னும் கருத்து அமைந்துள்ளது. சூது என்னும் 94 ஆம் அதிகாரத்திலே, சூதில் வென்ற பொருளைத் தூண்டிலில் மாட்டிய இரைக்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவப் பெருந்தகை. கடற்கரையில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மீன் அகப்படுவது இரை கிடையாமையால் அன்று, கிடைத்தமையாலேயே. புதிதாக இறங்கிய இளைஞன் முதல் வாரத்தில் அடையும் ஊதியம் பெரும்பாலும் இத்தன்மையது. பங்கு வாணிகம் முழுவதும் சூது என்பது நமது கருத்தன்று. கம்பனியின் கணக்கறிக்கையைப் படித்து அறியாது, பிறர் வாய்ச்சொல்லையும் திரையில் ஓடும் எண்ணையும் நம்பிச் செய்யுமிடத்து அது சூதின் எல்லைக்குள் கால்வைக்கின்றது என்பதே நாம் கூறுவது.

சந்தை மூடிய நாள்கள்

மாதச் சம்பளம் பெறுவோர்க்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி என்னும் காப்பு உண்டு. ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் அதிற் சேர்க்கின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துகின்றார். தமக்குத்தாமே முதலாளியாகிய நாள்வாணிகர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நோயுற்ற நாளுக்குச் சம்பளமும் இல்லை. சந்தையே மூடப்படுமாயின் செய்யத் தொழிலும் இல்லை.

சந்தை மூடப்படுமா என வினவலாம். 2020 இல் கொள்ளைநோய்க் காலத்திலே, மார்ச்சு மாதப் பிற்பகுதி தொடங்கி மே மாதம் வரை, ஏழு வாரங்களுக்கு மேலாக அது மூடப்பட்டிருந்தது. 2022 ஏப்பிரில் 12 ஆம் நாள் நம் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதனையடுத்து ஏப்பிரில் 18 முதல் ஐந்து வேலைநாள்களுக்குச் சந்தை மூடப்பட்டது. மீளத் திறந்த 25 ஆம் நாளிலே விலைகள் கடுமையாகச் சரிந்தமையால் அன்றைய வாணிகமும் நிறுத்தப்பட்டது. 2021 இறுதியில் 12,000 ஐக் கடந்து நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2022 இறுதியில் 8,500 அளவில் நின்றது.

அதே ஆண்டிலே அடுக்களை எவ்வாறிருந்தது? சமையல் வாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். மார்ச்சு இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செத்தெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. பங்கின் விலை இறங்கிய அதே காலத்திலே பருப்பின் விலை ஏறிற்று. சந்தையில் இருந்த பணமே உலைக்கும் உரிய பணமாக இருந்த வீடுகள் இருபுறமும் அடிபட்டன. வேறாக வைத்திருந்த வீடுகள் வருந்தினாலும் வீழ்ந்தில.

இதனால் நாம் கொள்ளத்தக்க முதல் விதி இதுவாகும்: வீட்டுச் செலவுப் பணமும் வாணிக முதலும் ஒரு பெட்டியில் இருத்தலாகாது. ஆறு மாதத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிச் செலவு, மருந்து ஆகியவற்றுக்குரிய தொகையை வங்கியில் வேறாக வைத்த பின்னரே, இழந்தாலும் குடும்பம் குலையாத ஒரு தொகையை முதலாகக் கொள்ளல் வேண்டும். ஆறு மாதம் என்பது நமது மதிப்பீடு. ஏழு வாரத்துக்கு மேல் மூடிய சந்தையை நாம் கண்டவராதலின் இது மிகையன்று. வலியறிதல் அதிகாரத்திலே, வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதாயின் கேடில்லை என்னும் பொருள்பட வள்ளுவர் கூறியதும் இக்காப்பினையே கருதியதாகும்.

சிலம்பு காட்டும் செய்தி

இனி, இவ்வாணிகம் இல்லறத்தின்பால் என்ன செய்கின்றது என்பதனைப் பார்ப்போம். இதற்கு நம் இலக்கியத்திலேயே பொருத்தமான இடமொன்று உண்டு. அது சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை.

புகார் நகரத்துப் பெருவணிகர் மகனாகிய கோவலன் தன் பொருளையெல்லாம் தொலைத்தான். எஞ்சியது கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றே. அதனை முதலாகக் கொண்டு, இழந்த பொருளை மதுரையில் மீட்கலாம் என்று புறப்பட்டான். இழந்ததனை மீட்கும் வேகத்தில் வீட்டில் எஞ்சிய கடைசி அணியையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் மனநிலையை இளங்கோவடிகள் அன்றே நமக்குக் காட்டிவிட்டார். கோவலன் மாண்டது வாணிகத் தோல்வியால் அன்று. பொற்கொல்லன் சூழ்ச்சியாலும் மன்னன் ஆராயாமையாலுமே. ஆயினும், அறியாத ஊரில், அறியாத சந்தையில், ஆறியிருந்து விற்க இயலாத நெருக்கடியோடு அவன் நின்றான் என்பதும் உண்மையன்றோ?

அவன் சந்தைக்குப் போகுமுன் நிகழ்ந்தது யாது? மாதரி என்னும் இடைமுதுமகள் தன் மனைக்கு அயலில் அவர்களை இருத்தி, அரிசியும் காயும் கனியும் அளித்தாள். அவள் மகள் ஐயை அடுப்பு மூட்டினாள். பெருமனையில் வளர்ந்த கண்ணகி தன் கையால் காய் அரிந்து, விரல் சிவக்க, முகம் வியர்க்க, புகையாற் கண் சிவக்கச் சமைத்தாள். வாழையிலையில் இட்ட உணவைக் கோவலன் உண்டான். உண்ட பின்னரே அவன் மனந்திறந்து பேசினான். தன் ஒழுக்கத்தின் பிழையையும் பெற்றோர்க்குத் தான் விளைத்த துயரையும் எடுத்துரைத்தான். அவர்தம் வாழ்வில் மிகுந்த உண்மையோடு நிகழ்ந்த அவ்வுரையாடல் அவ்வடுப்பங்கரையை அடுத்தே நிகழ்ந்தது.

அப்போது கண்ணகி கூறிய மறுமொழி பெரிதும் சிந்திக்கத்தக்கது. பொருள் போயிற்றே என்று அவள் வருந்தினாளில்லை. அறவோர்க்கும் அந்தணர்க்கும் துறவோர்க்கும் செய்யும் கடனையும், விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் தான் இழந்ததாகவே கூறினாள். கணவன் வீட்டில் இல்லாதபோது அவள் இழந்தது பொருளன்று, இல்லறம் என்பது அதன் பொருள்.

இதனை இன்றைக்குப் பொருத்திப் பார்ப்போம். கோவலன் வீட்டை விட்டு வெளியே போயிருந்தான். இன்றைய நாள்வாணிகனோ வீட்டிலேயே இருக்கின்றான். ஆயினும் அவன் கண்ணும் மனமும் திரைக்குள் இருக்கின்றன. மனைவி பேசுவது அவன் காதில் விழுவதில்லை. பிள்ளை கொப்பியைக் காட்டினால், ‘பொறு, பிறகு பார்ப்போம்’ என்கின்றான். உறவினர் வாயிலில் வந்து நின்றால் முகம் சுளிக்கின்றது. சோறு ஆறிப்போகின்றது. இருந்தும் இல்லாதவனாக இருக்கும் இந்நிலை, வெளியூர் சென்றிருப்பதைவிடத் துயரமானது. ஏனெனில் வெளியூர் சென்றவன் என்றோ ஒருநாள் திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பாவது உண்டு.

அடுப்பும் கடிகாரமும்

கொழும்புப் பங்குச் சந்தையின் வாணிக நேரம் காலை 9.30 முதற் பிற்பகல் 2.30 வரை. அரசினர் பாடசாலை காலை 7.30 இற்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 இற்கு விடுகின்றது. இவ்விரு நேரசூசிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்குச் சிக்கல் எங்கே இருக்கின்றது என்பது உடனே விளங்கும். பிள்ளை பசியோடு வீடு திரும்பும் நேரமே சந்தையின் கடைசி மணி நேரம். அன்றைய கணக்கை அன்றே தீர்க்க விரும்புவோர்க்கு மிகுந்த பதற்றமுள்ள நேரமும் அதுவே.

இச்சிக்கலுக்குத் தீர்வு அடுப்பை நிறுத்துவதன்று. வாணிகத்தை முன்னதாகவே நிறுத்துவதாகும். பிற்பகல் 1 மணிக்குப் பின் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று ஒருவர் தமக்குத்தாமே விதி செய்துகொண்டால், 1.30 இற்குப் பிள்ளையோடு அமர்ந்து உண்ணலாம். கையில் உள்ள பங்கு விற்கப்படாது நின்றால் என் செய்வது? சொந்தப் பணத்தில் வாங்கிய பங்காயின் அது நாளைக்கும் காத்திருக்கும், சோறு காத்திராது. கடன் வாங்கிய பணத்தில் வாங்கியதாயின், வட்டியும் தவணையும் நெருக்குவதால், சோற்றைத் தள்ளிவைத்து விற்றுத் தீர்க்க வேண்டியதாகும். ஆகவே மதிய உணவை அமைதியாக உண்ண விரும்புவோர் கடன்பட்டுப் பங்கு வாங்கலாகாது. முதலைப் பற்றிய விதியும் உணவைப் பற்றிய விதியும் இங்கே ஒன்றாகின்றன.

இனி, சமைப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. மனைவி அலுவலகத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்று உழைக்க, கணவன் வீட்டிலிருந்து வாணிகம் செய்யும் குடும்பங்கள் இன்று உள. அவ்வழி அடுப்பு அவனுடையதேயாம். இதில் இழிவு யாதும் இல்லை. நளன் சமைத்தான், வீமன் சமைத்தான், நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் அவர்தம் சமையலே பெயர் பெற்றது. மனைவியே வீட்டிலிருந்து வாணிகம் செய்பவளாயின், அவள் வீட்டில் இருக்கின்றாள் என்பதனாலேயே சமையல் முழுவதும் அவள் தலையில் விழுதல் நீதியன்று. வாணிகமும் தொழிலே, தொழில் செய்பவர்க்கு உதவி வேண்டும்.

வேலைநாளுக்கு ஏற்ற ஒழுங்கு ஒன்றனைச் சுருங்கக் கூறுவோம். காய்கறி அரிதலும் தேங்காய் உடைத்து வைத்தலும் முதல்நாள் இரவிலே முடிதல் வேண்டும். விடியற்காலையில் வரும் சூரையோ சாளையோ அப்போதே வாங்கி, கழுவி, உப்பும் மஞ்சளும் இட்டுவிட்டால் வேலை பாதியாகும். பிள்ளைகள் 7 மணிக்குப் புறப்பட்டபின் 9 மணிவரை இரண்டு மணி நேரம் உண்டு. அந்நேரத்தில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, புளியிட்ட மீன்குழம்பு ஆகியன ஆகிவிடும். இவை மதியம்வரை சுவை கெடாதிருக்கும் கறிகள். முருங்கையிலைச் சுண்டலும் வல்லாரைச் சம்பலும் உண்ணுமுன் செய்யத்தக்கன. ஆதலின் 1 மணிக்கு மேல் அவற்றைச் செய்யலாம். பாற்சொதி போன்று பக்கத்தில் நின்று துழாவ வேண்டியவற்றைச் சந்தை நேரத்தில் அடுப்பில் வைத்தலாகாது. எண்ணெய் கொதிக்கும்போது கைப்பேசியைப் பார்த்தல் வீட்டையே எரித்துவிடும் செயல். அடுப்பும் திரையும் ஒரே நேரத்தில் ஒருவர் கண்ணைப் பங்கிடலாகாது.

வீட்டுச் சமையலாற் பணமும் மிஞ்சுகின்றது. நால்வர் உள்ள குடும்பம் நாள்தோறும் கடைச் சாப்பாட்டுப் பொதி வாங்கும் செலவையும், வீட்டில் ஆக்கும் செலவையும் மாணவர்கள் தத்தம் வீட்டு விலைப்படி கணக்கிட்டுப் பார்க்கட்டும். அவ்வேற்றுமை ஐயமற்ற ஊதியம். அதற்கு வரியில்லை, தரகில்லை, நட்டமும் இல்லை.

இரவைக் கவரும் சந்தைகள்

கொழும்புச் சந்தை 2.30 இற்கு மூடிவிடுகின்றது. அது ஒருவகையில் நன்மை. ஆனால் அமெரிக்கப் பங்குச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கும் திறந்து, நள்ளிரவுக்குப் பின்னரே மூடுகின்றது. வெளிநாட்டு நாணய வாணிகம் கிழமை நாள்களில் இரவும் பகலும் நிகழ்வது. மெய்ந்நிகர் நாணயங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பகலில் வேறு தொழில் செய்யும் இளைஞர் இரவில் இவற்றை நாடுகின்றனர். இடியப்பமும் சம்பலும் மேசையில் இருக்க, அவர் அறைக்கதவு சாத்தியிருக்கின்றது.

இவ்வகையில் உறக்கமும் இராவுணவும் அழிதல் ஒரு கேடு; சட்டத்தின் காப்பு இன்மை மற்றொரு கேடு. மெய்ந்நிகர் நாணயங்கள் இந்நாட்டில் ஒழுங்குபடுத்தப்படாதவை என்று இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பன்முறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. முகமறியாதார் நடத்தும் இணையத் தளங்களிற் பணமிட்டு இழந்தவர் முறையிடுதற்கு உரிய வாயிலைக் காண்பது அரிது. அனுமதி பெற்ற தரகர் வழியாக, ஆணைக்குழுவின் மேற்பார்வைக்குட்பட்ட சந்தையில் மட்டுமே வாணிகம் செய்தல் வேண்டும் என்பது இளைஞர் மறவாது கொள்ளத்தக்கது.

மறைத்தலின் கேடு

இவ்வாணிகத்தாற் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் நட்டத்தால் அன்று, நட்டத்தை மறைத்தலாலேயாம். முதலில் ஓராயிரம் போகின்றது, மனைவிக்குக் கூறுவதில்லை. அதனை மீட்கப் பத்தாயிரம் இடப்படுகின்றது. அதுவும் போயின் காப்பு அடகுக்கடைக்குப் போகின்றது. திருமண வீட்டுக்குச் செல்லும் நாளிலே, அணியத் தேடும்போதுதான் வீட்டாருக்குச் செய்தி தெரிகின்றது. பொன் போனதிலும், பொய் கூறி வாழ்ந்த மாதங்களே அப்போது நெஞ்சை வருத்துவன.

இதற்கு மருந்து எளியது. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலைச் சந்தை மூடியபின், கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து கணக்கைப் பார்த்தல் வேண்டும். எவ்வளவு முதல், எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, எவ்வளவு நட்டம் என்பன ஒரு கொப்பியில் மையால் எழுதப்படல் வேண்டும். முதலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மூன்று மாதம் வாணிகத்தை நிறுத்துவது என்பது போன்றதோர் எல்லையை, மனம் அமைதியாக உள்ள நாளிலேயே இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ளல் நன்று. இழந்த நாளில் வகுக்கும் எல்லை எல்லையாகாது. பெரிய பிள்ளைகளும் அக்கணக்கைப் பார்க்கட்டும். தந்தை நட்டப்பட்டார் என்று அறிவதால் பிள்ளையின் மதிப்புக் குறையாது. தந்தை நேர்மையாகக் கணக்கு வைக்கின்றார் என்று அறிவதால் அது உயரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வீட்டிலிருந்து செய்யும் நாள்வாணிகம் இல்லறத்துக்குத் தானாகவே நன்மை செய்வதும் இல்லை. தானாகவே தீமை செய்வதும் இல்லை என்பது பெறப்படும். பலர்க்கு அது ஊதியந் தரும் தொழிலாக அமைவதில்லை என்பதனை எண்கள் காட்டுகின்றன. ஆதலின், வேறு வருவாய் ஒன்றும் இல்லாத இளைஞன் அதனையே தன் குடும்பத்தின் ஒரே தூணாகக் கொள்ளல் தகாது. கைத்தொழிலோ அலுவலோ ஒன்றைப் பற்றி நின்று, எஞ்சிய பணத்தையும் எஞ்சிய நேரத்தையும் கொண்டு, முதலீடாகவே பங்குகளை வாங்கிப் பழகுதல் பெரும்பாலார்க்கு ஏற்ற நெறியாகும். அதனையும் கடந்து நாள்வாணிகம் செய்யத் துணிவோர், உலைக்குரிய பணத்தைச் சந்தைக்கு விடாமலும், சந்தைக்குரிய மனத்தை உலைக்கருகே கொண்டுவராமலும் இருத்தல் வேண்டும்.

பண்டைக் காலத்துக் கடைக்கு ஒரு கதவு இருந்தது. இன்றைய கடைக்குக் கதவில்லை. அதனை நாமே செய்துகொள்ளல் வேண்டும். பகல் ஒன்றரை மணிக்குப் பிள்ளை வந்து காலணி கழற்றும் ஓசை அக்கதவாக அமையட்டும். அவ்வோசை கேட்டதும் கைப்பேசியை வேற்றறையில் வைத்து, கைகழுவி, இலையிட்டு, இன்று பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்கும் பெற்றோரே உண்மையில் தமக்குத்தாமே தலைவராவார். நம் கல்லூரியின் பழைய மாணவர் இல்லங்கள் தோறும் அத்தகைய நண்பகல்கள் நிலைபெறுக.